ஈராண்டுக்கு ஒருமுறை மாறும் படகுக்குழு: செயின்ட் டோனட்ஸ் மீட்புப் பயிற்சியும் அதன் ஆசிரியர்களும்

வேல்ஸின் தென்கரையில், பிரிஸ்டல் கால்வாயை நோக்கி நிற்கும் செயின்ட் டோனட்ஸ் கோட்டையில் 1962ஆம் ஆண்டு அட்லாண்டிக் கல்லூரி திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதன் வளாகத்தில் ஒரு கரையோர மீட்புப் படகு நிலையம் செயல்படத் தொடங்கியது. கடலில் சிக்கியவர்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு மீட்டுவரும், 1824இல் தோன்றிய ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிட்யூஷன், சுருக்கமாக ஆர்.என்.எல்.ஐ., அந்த நிலையத்தைத் தன் நிலையங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. 1963 முதல் 2013 வரை, ஐம்பது ஆண்டுகள், அங்கிருந்து மீட்புப் படகுகள் கடலில் இறங்கின.

அந்த ஏற்பாடு வழக்கத்துக்கு மாறானது. அக்காலத்து மீட்புப் படகு நிலையம் ஒன்றில் படகேறியவர்கள் பெரும்பாலும் அந்த ஊர் மீனவர்கள். தந்தைக்குப் பின் மகனும், அண்ணனுக்குப் பின் தம்பியுமாக அந்தப் பொறுப்பு குடும்பங்களுக்குள் கைமாறி வந்தது. நீரோட்டம் எங்கே திரும்பும், எந்தப் பாறை எந்த நேரத்தில் தலைகாட்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு யாரும் பாடமாகச் சொல்லித்தர வேண்டியிராத அறிவு. செயின்ட் டோனட்ஸிலோ படகேறியவர்கள் பல நாடுகளிலிருந்து வந்த, பதினாறிலிருந்து பத்தொன்பது வயதுக்குட்பட்ட மாணவர்கள். கடலே இல்லாத நாட்டில் பிறந்தவரும் அவர்களுள் இருக்க முடியும். அவர்கள் படிக்க வந்ததோ இரண்டாண்டுப் படிப்பு. முதல் ஆண்டில் கற்று, இரண்டாம் ஆண்டில் தேர்ந்து, கை பழகியதும் ஊர் திரும்பிவிடுவார்கள். ஆர்.என்.எல்.ஐ.யின் இன்றைய விதி, படகில் சேர 17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. அதை வைத்துக் கணக்கிட்டால், ஒரு மாணவர் முழுத் தகுதியோடு படகில் இருக்கக்கூடிய காலம் ஏறத்தாழ ஓராண்டுதான்.

குழு முழுவதும் ஈராண்டுக்கு ஒருமுறை கரைந்துபோகும் ஒரு நிலையம் ஐம்பது ஆண்டுகள் நிலைத்தது எப்படி என்பதே இந்த ஆய்வின் கேள்வி. கல்லூரியின் புகழ் பெரும்பாலும் அங்கே உருவான படகைச் சுற்றியே பேசப்படுகிறது. கெட்டியான அடிக்கட்டும் காற்றடைத்த பக்கங்களும் கொண்ட, இன்று உலகெங்கும் ‘ரிப்’ என்று அழைக்கப்படும் அந்தப் படகின் வளர்ச்சியில் இந்தக் கல்லூரிக்கு முதன்மையான இடம் உண்டு என்பது உண்மை. ஆயினும் அந்தப் படகை உருவாக்கியது அங்கே கற்பிக்கும் பணி அமைந்திருந்த முறைதான் என்பதும், கற்பித்தவரும் படகைப் பழுதுபார்த்தவரும் கடலுக்குப் பொறுப்பேற்றவரும் ஒரே ஆளாக இருந்ததே அந்த முறையின் உயிர் என்பதும் என் கருத்து. அந்த மூன்று பொறுப்புகளும் தனித்தனியே பிரிந்துபோனபோது என்ன மாறியது என்பதையும் இதே வரலாறு காட்டுகிறது.

கரையின் இயல்பு

இந்தக் கரையைப் புரிந்துகொள்ளாமல் அங்கே கற்பித்தவர்களைப் புரிந்துகொள்ள முடியாது. பிரிஸ்டல் கால்வாயின் ஏற்றவற்றம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் அளவு, உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. மேல்முனையில் ஏவன்மவுத் அருகே கடல்மட்டம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 14 மீட்டருக்கு மேல் மாறும் நாட்கள் உண்டு. புனல்போல் குறுகிச் செல்லும் கால்வாய்க்குள் அவ்வளவு நீரும் ஆறு மணி நேரத்துக்குள் புகுந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்பதால், கரையோர நீரோட்டம் ஒரு சாதாரணப் பாய்மரப் படகின் வேகத்தை எளிதில் வென்றுவிடும். செயின்ட் டோனட்ஸ் பகுதியின் செங்குத்துப் பாறைகள் சுண்ணாம்புக்கல்லும் களிக்கல்லும் மாறிமாறி அடுக்கப்பட்டவை. இடையிலுள்ள மென்மையான அடுக்கை அலை அரிக்க, மேலுள்ள கல் பிடிமானமிழந்து எச்சரிக்கையின்றிச் சரியும். வற்றத்தில் அகன்ற பாறைத்தளம் வெளிப்படும். அதில் நெடுந்தூரம் நடந்து சென்றவர், ஏற்றம் திரும்பும்போது முன்னே நீரும் பின்னே ஏறமுடியாத பாறைச்சுவருமாக அகப்பட்டுக்கொள்வார்.

மேற்கே சிறிது தொலைவில் நாஷ் முனை இருக்கிறது. 1831இல் ஃபிராலிக் என்ற நீராவிக் கப்பல் அங்குள்ள மணல்திட்டில் மோதி, அதிலிருந்தவர்கள் அனைவரும் மாண்ட பிறகுதான் 1832இல் அங்கே கலங்கரை விளக்கம் எழுப்பப்பட்டது. ஆக, மீட்புப் பயிற்சிக்கு இந்தக் கரையில் செயற்கையான சூழலை அமைக்க வேண்டிய தேவை எழவில்லை. பாய்மரப் பயிற்சிக்கு மாணவர்களைக் கடலில் இறக்கிய முதல் நாளே அவர்களைக் காக்கும் படகும் கூடவே இறங்க வேண்டியிருந்தது. அந்தத் துணைப்படகிலிருந்துதான் பின்னர் நடந்த அனைத்தும் தொடங்கின.

ஹானின் முன்கதை

கல்லூரியின் பின்னணியில் இருந்தவர் கர்ட் ஹான் என்ற ஜெர்மானியக் கல்வியாளர். 1886இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், 1920இல் ஜெர்மனியிலுள்ள சேலம் என்ற ஊரில் பள்ளியைத் தொடங்கினார். இட்லரை வெளிப்படையாக எதிர்த்ததால் 1933இல் கைதாகி, விடுதலையானபின் பிரிட்டன் வந்து, 1934இல் ஸ்காட்லாந்தில் கோர்டன்ஸ்டவுன் பள்ளியை நிறுவினார். பிறர் உயிரைக் காக்கும் பொறுப்பை இளைஞரிடம் ஒப்படைப்பதைவிடச் சிறந்த கல்வி வேறில்லை என்பது அவரது அடிப்படை நம்பிக்கை. கோர்டன்ஸ்டவுன் மாணவர்கள் கடற்கரைக் காவலில் நின்றதும் அந்த நம்பிக்கையின் செயல்வடிவம்தான்.

1941இல், புளூ ஃபன்னல் கப்பல் நிறுவனத்தின் லாரன்ஸ் ஹோல்டுடன் சேர்ந்து ஹான் வேல்ஸின் ஏபர்டவியில் ஒரு கடற்பள்ளியைத் தொடங்கினார். அவுட்வர்டு பவுண்டு என்ற இயக்கத்தின் முதல் பள்ளி அது. போரில் கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் தஞ்சமடைந்தவர்களில், உடல்வலு மிகுந்த இளம் மாலுமிகள் முதலில் நம்பிக்கையிழப்பதும் பாய்மரக் கப்பலில் பழகிய முதியவர்கள் தாக்குப்பிடிப்பதும் ஹோல்டுக்குப் பெரும் கவலையாக இருந்தது. ஏபர்டவியில் கற்பித்தவர்களுள் கடலோடிகளும் இருந்தனர், பள்ளி ஆசிரியர்களும் இருந்தனர். கயிறு கட்டத் தெரிந்த ஒருவரும், பதினாறு வயதுப் பையன் எப்போது பயப்படுகிறான் என்று தெரிந்த ஒருவரும் ஒரே படகில் இருக்க வேண்டும் என்ற இந்தக் கலவை, ஹானின் பள்ளிகளில் தொடர்ந்து வந்த வழக்கம். அது எப்போதும் இணக்கமாக நடந்தது என்று எண்ண வேண்டியதில்லை. கடலோடியின் அளவுகோலும் ஆசிரியரின் அளவுகோலும் ஒன்றல்ல.

அட்லாண்டிக் கல்லூரி என்ற எண்ணம் 1955இல் பாரீசில் பிறந்தது. அங்கிருந்த நேட்டோ பாதுகாப்புக் கல்லூரியில் உரையாற்றச் சென்ற ஹான், பத்தாண்டுகளுக்கு முன் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த நாடுகளின் அதிகாரிகள் ஒரே வகுப்பில் அமர்ந்து பணியாற்றுவதைக் கண்டார். அதையே பள்ளி வயதில் செய்ய முடியாதா என்று அவரும், அந்தக் கல்லூரியின் தலைவராக இருந்த ஏர் மார்ஷல் சர் லாரன்ஸ் டார்வாலும் திட்டமிட்டனர். ஒரு காலத்தில் அமெரிக்கப் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் வாங்கி அலங்கரித்த செயின்ட் டோனட்ஸ் கோட்டை, அன்டோனின் பெஸ்ஸே என்பவரின் கொடையால் அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

அட்மிரலும் பட்டறையும்

முதல் தலைமையாசிரியராக வந்தவர் ரியர் அட்மிரல் டெஸ்மண்ட் ஹோர். அவர் கடற்படையில் பொறியியல் பிரிவைச் சேர்ந்தவர். கப்பலை நடத்துவதிலும் அதன் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவதிலும் பழகிய மனிதர் ஒருவரைப் பள்ளித் தலைவராக அமர்த்தியது, இந்த வரலாற்றில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே மிகுந்த விளைவை ஏற்படுத்தியது என்று சொல்லலாம். ஒரு பொறியாளர் சிக்கலைக் காணும்போது, யார் தவறு செய்தார் என்று தேடுவதற்கு முன் எந்தப் பாகம் தேய்ந்தது என்று பார்ப்பார். அந்தப் பார்வை, அனுபவமற்ற இளைஞர்களைக் கொண்டு ஆபத்தான பணி நடத்தும் இடத்தில் பெரிதும் உதவியது.

தொடக்க ஆண்டுகளில் மாணவர்களின் சேவைப் பணி கடலையும் பாறையையும் ஒட்டியே அமைந்தது: படகில் மீட்பது, பாறைச்சுவரில் கயிறிறக்கி மீட்பது, கடற்கரையில் குளிப்போரைக் காப்பது. காலையில் வகுப்பெடுத்த ஆசிரியரே பிற்பகலில் நனைந்த உடையோடு சரிவுப்பாதையில் நின்றார். மாணவருக்கு அவர் மொழியாசிரியரா, கயிற்றுப் பயிற்சியாளரா என்ற வேறுபாடு மெல்ல மறைந்தது. இதில் ஒரு சுமையும் இருந்தது: பாடத்தில் பின்தங்கிய மாணவரைப் படகில் நம்ப வேண்டிய நிலையும், படகில் தவறிய மாணவருக்கு மறுநாள் பாடம் எடுக்க வேண்டிய நிலையும் அதே ஆசிரியருக்குத்தான்.

பாய்மரப் பயிற்சிக்குத் துணையாகச் செல்லும் படகு எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதே முதல் சிக்கல். மரப்படகு, கவிழ்ந்து கிடக்கும் சிறு படகின் அருகே அலையில் ஏறி இறங்கும்போது, காக்க வந்ததே இடித்து உடைக்கும். நீரில் தத்தளிப்பவருக்கும் அது ஆபத்து. காற்றடைத்த ரப்பர் படகு இதற்கு ஏற்றது. அது மோதினாலும் காயப்படுத்தாது, நீரில் இருப்பவரை அதன் தாழ்ந்த பக்கத்தின் வழியே எளிதில் உள்ளே இழுத்துப்போடலாம். ஆர்.என்.எல்.ஐ.யும் அதே காலத்தில் இதே முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. கடற்கரைகளில் பொழுதுபோக்குக்காக நீரில் இறங்குவோர் பெருகிவிட்டனர். ஆனால் அதன் பெரிய மீட்புப் படகுகளோ எட்டு, ஒன்பது கடல்மைல் வேகத்தில் செல்பவை, அவற்றை நீரில் இறக்கவே நேரம் பிடிக்கும். பிரான்சில் பயன்பாட்டிலிருந்த ரப்பர் மீட்புப் படகுகளை 1962இல் பார்வையிட்ட பின், 1963இல் அந்நிறுவனம் தன் முதல் ரப்பர் படகுகளைக் கரைகளில் நிறுத்தியது. அட்லாண்டிக் கல்லூரி நிலையம் அந்த முதல் ஆண்டைச் சேர்ந்தது.

ரப்பர் படகுக்கு இரண்டு குறைகள். ஒன்று, அதன் அடிப்பகுதி துணிதான். கூழாங்கல்லிலும் பாறைத்தளத்திலும் நாள்தோறும் இழுபட்டால் விரைவில் கிழியும். மற்றொன்று, அலை மேல் ஓடும்போது முழுப் படகும் பாய்போல் வளைந்து நெளியும். வேகம் கூட்டினால் எஞ்சினின் வலு படகை முன்தள்ளுவதற்குப் பதிலாக அதை மடக்குவதிலேயே செலவாகும். ஓராண்டில் சில முறை மட்டும் கடலுக்குச் செல்லும் சாதாரண நிலையத்தில் இந்தக் குறைகள் அவ்வளவாகக் கண்ணில் படாது. கல்லூரியிலோ பருவம் முழுவதும், வாரத்தில் பல பிற்பகல்கள், கைபழகாத புதியவர்கள் அதே படகைத் திரும்பத் திரும்பக் கரையில் ஏற்றி இறக்கினார்கள். வேறிடத்தில் பத்தாண்டில் தெரியவரும் தேய்மானம் இங்கே ஒரு பருவத்திலேயே தெரிந்தது. ஒரு பயிற்சிப் பள்ளி, தான் அறியாமலேயே ஒரு சோதனைக்கூடமாகவும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கிழிந்த துணியை ஒட்டுவதோடு நின்றிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். 1960களின் நடுப்பகுதியில் ஹோரும் மாணவர்களும் கல்லூரிப் பட்டறையில் துணி அடிக்குப் பதிலாக பிளைவுட் பலகையைப் பொருத்திப் பார்க்கத் தொடங்கினர். தட்டையான பலகை தேய்மானத்தைத் தீர்த்தது, ஆனால் அலையில் அடி வாங்கியது. அடுத்து அடிக்கட்டுக்குக் கூர்மையான ஆப்பு வடிவம் கொடுக்கப்பட்டது. அணியம், அதாவது படகின் முன்முனை, அலையைப் பிளந்துசெல்ல, மேலே சுற்றிலும் உள்ள காற்றுக்குழாய்கள் மிதப்பையும் நிலைத்தன்மையையும் தந்தன. நிற்கும்போது குழாய்கள் நீரைத் தொட்டுப் படகைத் தாங்கும்; வேகமெடுத்தால் அவை நீரைவிட்டு எழும்பி, கெட்டியான அடிக்கட்டு மட்டுமே கடலோடு உறவாடும். சொல்லும்போது எளிமையாகத் தோன்றும் இந்த வடிவத்தை அடைய, ‘எக்ஸ்’ என்ற எழுத்தோடு எண்ணிட்ட சோதனைப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டப்பட்டன. குழாய் எந்த உயரத்தில் அமைய வேண்டும், எஞ்சின் எடை பின்னால் எவ்வளவு அழுத்தும், படகோட்டி நிற்பதா அமர்வதா என்பவையெல்லாம் கட்டி, கடலில் இறக்கி, உடைத்து, மறுபடி கட்டித்தான் தெரியவந்தன.

அந்தப் படகுகளைக் கட்டிய ஆசாரிகளும் மாணவர்களே, சோதித்த ஓட்டிகளும் மாணவர்களே. தலைமையாசிரியர் படகின் வடிவமைப்பாளராகவும் இருந்ததால், காலையில் நேர்ந்த குறையை யாரிடமும் எழுதிக்கொடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. மாலையில் அதே ஆள் கையில் இழைப்புளியோடு பட்டறையில் நிற்பார். வழக்கமான நிறுவனத்தில் கடலில் இருப்பவரின் முறையீடு, பயிற்சியாளர், பொறியாளர், ஒப்புதல் தரும் அதிகாரி எனப் பல கைகளைக் கடந்து செல்லும். ஒவ்வொரு கையிலும் சிறிது திரிந்தும் போகும். இங்கே அந்தத் தொலைவே இல்லை.

கெட்டியான அடிக்கட்டையும் காற்றுக்குழாயையும் இணைக்கும் எண்ணம் ஹோர் ஒருவருக்கு மட்டுமே தோன்றியது என்று சொல்வது நியாயமாகாது. அதே ஆண்டுகளில் பிரிட்டனில் வேறு சிலரும் அத்தகைய படகுகளைக் கட்டி விற்றனர். ஹோர் 1969இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு பிரிட்டனைச் சுற்றிவரும் விசைப்படகுப் போட்டியில், இந்த வழியில் பிறந்த 21 அடிப் படகான ‘சைகடெலிக் சர்ஃபர்’ பங்கேற்று 19ஆவதாக முடித்தது. வேகத்துக்கென்றே பெரும் பொருட்செலவில் கட்டப்பட்ட படகுகள் பல வழியிலேயே விலகிய அந்தப் போட்டியில், பள்ளிப் பட்டறையில் வளர்ந்த வடிவமைப்பு ஒன்று முழுச் சுற்றையும் தாங்கியது என்பதே அதைக் கவனித்தவர்களுக்கு வேண்டிய சான்றாக இருந்தது.

கற்றவரே கற்பிப்பவர்

ஈராண்டுக்கு ஒருமுறை கரையும் குழுவுக்குள் அறிவைத் தக்கவைக்க இருவகை ஏற்பாடு தேவை. கைப்பழக்கம் மாணவரிடமிருந்து மாணவருக்குச் செல்ல வேண்டும். முடிவெடுக்கும் பக்குவமோ நிலைத்திருக்கும் ஆசிரியரிடம் தங்க வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் பயிற்சிப் பள்ளிகள் தடுமாறுகின்றன.

கைப்பழக்கம் என்பது எஞ்சினைத் தொடங்குவது, முடிச்சிடுவது, அலை உடையும் இடத்தில் படகின் தலையை அலைக்கு நேராக வைத்திருப்பது, நீரில் இருப்பவரை எந்தப் பக்கமாக அணுகுவது போன்றவை. இவற்றை இரண்டாமாண்டு மாணவர் முதலாமாண்டு மாணவருக்குக் கற்பிப்பதில் நன்மை இருக்கிறது. சென்ற ஆண்டுதான் தானே தடுமாறியவர், எந்த இடத்தில் தடுமாற்றம் வரும் என்பதை மறந்திருக்க மாட்டார். இருபதாண்டு அனுபவமுள்ள கடலோடி அதை எப்போதோ மறந்துவிட்டிருப்பார். மேலும், கற்பிக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தவுடன் அரைகுறையாகத் தெரிந்தது முழுமையாகத் தெரிந்தாக வேண்டியதாகிறது. ஆனால் இதே முறையில் ஒரு தீங்கும் உண்டு. ஓராண்டில் நுழைந்த சிறு பிழை அடுத்த ஆண்டில் விதியாகி, மூன்றாம் ஆண்டில் மரபாகிவிடும். அதன் தொடக்கத்தைக் கண்டவர் எவரும் அதற்குள் வளாகத்தில் இருக்க மாட்டார். அந்த வழுவைக் கண்டுபிடிக்க வேண்டியவர், மாறாமல் அங்கேயே இருக்கும் ஆசிரியர்தான். அவர் நினைவே நிலையத்தின் நினைவு.

முடிவெடுப்பது வேறு வகையைச் சேர்ந்தது. பிரிட்டனில் கடலோரக் காவல் அமைப்பு உதவி கோரும். படகை இறக்கலாமா என்பதைக் கரையிலிருக்கும் நிலையப் பொறுப்பாளர் முடிவு செய்வார். கடலில் சென்றபின் படகோட்டி முடிவு செய்வார். எந்த நிலையத்திலும் உள்ள ஏற்பாடுதான் இது. ஆனால் படகேறுபவர் பதினெட்டு வயது மாணவர், அவருடைய பெற்றோர் வேறொரு கண்டத்தில் இருக்கின்றனர் என்னும்போது, ‘இன்று இறங்க வேண்டாம்’ என்று சொல்லும் பொறுப்பின் எடை பன்மடங்காகிறது. இளைஞருக்கு உண்மையான பொறுப்பைத் தர வேண்டும் என்பது ஹானின் கொள்கை. பயிற்சிக்காக நடிக்கும் பொறுப்பு அவர் பார்வையில் பொறுப்பே அல்ல. உண்மையான பொறுப்பு என்றால் உண்மையான ஆபத்தும் உடன்வரும். அந்த இரண்டுக்கும் நடுவே, நாள்தோறும் வானத்தையும் அலையையும் பார்த்து, யாரை அனுப்பலாம் யாரை நிறுத்தலாம் என்று முடிவெடுத்தவர்களின் பணி எந்தக் காப்புரிமைப் பத்திரத்திலும் இடம்பெறாதது. படகைப் பற்றிய எழுத்துகளில் அவர்களுக்கு உரிய இடம் தரப்படவில்லை என்பது என் குறை.

அந்த ஆசிரியர்களுள் ஒருவரான டேவிட் சட்கிளிஃபின் பணிக்காலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1962இல் தொடக்க ஆசிரியர்களுள் ஒருவராகச் சேர்ந்த அவர், 1969இல் ஹோர் விலகியபோது தலைமையாசிரியரானார். 1982வரை அப்பொறுப்பில் இருந்து, பின்னர் இத்தாலியின் துயினோவில் தொடங்கிய சகோதரக் கல்லூரிக்குத் தலைமையேற்றார். படகு தோன்றிய காலத்தையும், அது கைமாறிய காலத்தையும் ஒரே ஆள் உள்ளிருந்து கண்டார். பிற்காலத்தில் அந்தப் படகின் பிறப்பைப் பற்றி நூலெழுதியவரும் அவரே. மாணவர் தலைமுறைகள் பத்து கடந்த அந்த இருபதாண்டுகளில் தலைமை ஒரே ஒருமுறைதான், அதுவும் உள்ளிருந்த ஒருவருக்கே, மாறியது என்பது நிலையத்தின் நினைவு அறுபடாமல் இருந்ததற்கு ஒரு முதன்மைக் காரணம்.

1967இல் கல்லூரி மாணவிகளையும் சேர்க்கத் தொடங்கியது. ஆர்.என்.எல்.ஐ.யின் படகுகள் அதுவரை ஆண்களின் உலகம். பெண்கள் கரையில் படகை இழுத்து இறக்குவதில் தலைமுறைகளாக உழைத்திருந்தும், குழுவில் இடம்பெறவில்லை. 1969இல் பதினெட்டு வயது நார்வே மாணவி ஒருவர் அட்லாண்டிக் கல்லூரி நிலையத்தில் தகுதி பெற்று, அந்நிறுவனத்தின் கரையோரப் படகுக்குழுவில் முதல் பெண்ணானார். இதற்கும் கற்பித்த முறைக்கும் தொடர்பு உண்டு. மற்ற நிலையங்களில் குழுவில் சேரும் வழி குடும்பத்தின் வழியாகவும் மீன்பிடித் தொழிலின் வழியாகவும் சென்றது. அந்த வழியில் பெண்ணுக்கு இடமில்லை. இங்கே வழி பயிற்சியும் தேர்வும் மட்டுமே. படகை அலையில் நிறுத்தத் தெரிந்தவர் ஓட்டலாம் என்ற விதியை வைத்தபின், அது யார் என்று கேட்பதற்கு ஆசிரியருக்குக் காரணமில்லை.

கைமாறுதல்

ஆர்.என்.எல்.ஐ. ஹோரின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, தென் இங்கிலாந்தின் கவ்ஸிலுள்ள தன் படகுத்தளத்தில் அதை முழுமையான மீட்புப் படகாக வளர்த்தது. 1972இல் பணிக்கு வந்த அந்தப் படகுக்கு ‘அட்லாண்டிக் 21’ என்று பெயர். கல்லூரியின் பெயரும், அடிக்கணக்கில் படகின் நீளமும் சேர்ந்தது. கவ்ஸ் பொறியாளர்கள் செய்த சேர்க்கைகள் சிறியவையல்ல. மூவர் குதிரைச் சேணத்தில்போல் காலிட்டு அமரும் இருக்கைகள், இரண்டு எஞ்சின்கள், நீரில் கவிழ்ந்து எழுந்தபின்னும் மறுபடி இயங்கும்படி அவற்றுக்குச் செய்த பாதுகாப்பு, இவற்றோடு பின்புற வளைவுச் சட்டத்தின் மேல் ஒரு காற்றுப்பை. படகு கவிழ்ந்தால் குழுவினர் அந்தப் பையை ஊதச்செய்வார்கள். அது விரிந்து படகை நேராகப் புரட்டிவிடும். 1973இல் ஹோர் தன் காப்புரிமையை ஆர்.என்.எல்.ஐ.க்கு 1 பவுண்டுக்குக் கொடுத்துவிட்டார். உலகின் கடற்படைகளும் காவல்துறைகளும் இன்று பயன்படுத்தும் ஒரு வடிவத்துக்குப் பெறப்பட்ட விலை அது.

இந்தக் கைமாறுதல் படகுக்கு நல்லது, கடலில் சிக்கியவர்களுக்கு நல்லது. கல்லூரி ஆசிரியர்களின் பணியை மட்டும் அது வேறாக்கிவிட்டது. இதுவரை படகின் குறையைப் பட்டறையில் தீர்த்தவர்கள், இனி முடிந்துவந்த படகை விதிமுறைப்படி பயன்படுத்தவும் பராமரிக்கவும் கற்பிப்பவர்களாயினர். மீட்புப் படகு ஒன்றில் தன் விருப்பப்படி ஒரு பலகையை மாற்றிப் பார்க்கும் உரிமை, நியாயமாகவே, எந்த நிலையத்துக்கும் இல்லை. கற்பித்தல், பழுதுபார்த்தல், பொறுப்பேற்றல் என ஒரே கையில் இருந்த மூன்றில் நடுவிலுள்ளது கவ்ஸுக்குச் சென்றது. இழப்பு என்று இதைச் சொல்லத் தயங்குகிறேன். நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு ஒரே தரத்தில் படகு தர வேண்டிய அமைப்பால் வேறு வகையில் நடந்திருக்க முடியாது. ஆயினும், பள்ளி சோதனைக்கூடமாக இருந்த காலம் அத்தோடு பெருமளவு முடிந்தது.

மூன்றில் மற்றொன்றான பயிற்சியும் காலப்போக்கில் மையத்துக்கு நகர்ந்தது. தலைமுறைகளாக ஒவ்வொரு நிலையத்திலும் மூத்த படகோட்டியே ஆசிரியர். மீன்பிடித் தொழில் சுருங்கி, கடலோர ஊர்களின் மக்கள் அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் வேலைக்குச் செல்லத் தொடங்கியபின், படகேற முன்வருபவருக்குக் கடல் பரம்பரைச் சொத்தாக இல்லை. இன்று ஆர்.என்.எல்.ஐ. குழுவினரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே கடல்சார்ந்த தொழில் பின்னணி இருக்கிறது. கணக்காளரையும் செவிலியரையும் கடைக்காரரையும் மீட்புப் படகோட்டியாக்க வேண்டும் என்றால், கேட்டும் பார்த்தும் பழகுவது போதாது. முறையாக வகுத்த பாடம் வேண்டும். 2004இல் தென் இங்கிலாந்தின் பூல் நகரில் அந்நிறுவனம் தன் பயிற்சிக் கல்லூரியைத் திறந்தது. அங்குள்ள குளத்தில் அலையை எழுப்பி, விளக்கை அணைத்து, கவிழ்ந்த படகை இருட்டில் நிமிர்த்தும் பயிற்சி தரப்படுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பூல் கல்லூரி எதிர்கொண்ட சிக்கலும் 1963இல் செயின்ட் டோனட்ஸ் எதிர்கொண்ட சிக்கலும் ஒன்றே: கடலைப் பிறப்பால் அறியாதவரைக் குறுகிய காலத்தில் கடலுக்கு நம்பகமானவராக்குவது எப்படி. நாற்பதாண்டுகளுக்கு முன் விதிவிலக்காகத் தோன்றிய மாணவர் நிலையம், பின்னோக்கிப் பார்த்தால், எல்லா நிலையங்களும் பிற்காலத்தில் வந்துசேரவிருந்த நிலையை முன்கூட்டியே சந்தித்திருந்தது. இரண்டு இடங்களின் விடை ஒன்றல்ல. பூலில் சூழல் செயற்கையானது, தவறினால் விளக்கை ஏற்றி மறுபடி தொடங்கலாம். பயிற்சியாளருக்கு அதுவே முழுநேரப் பணி. வந்தவர் சில நாட்களில் தன் ஊர் நிலையத்துக்குத் திரும்பிவிடுவார். செயின்ட் டோனட்ஸில் சூழல் உண்மையானது, ஆசிரியர் மாணவரோடு ஒரே வளாகத்தில் இரண்டாண்டு வாழ்ந்தார், பயிற்சி தந்தவரே அழைப்பு வந்த இரவில் அவரை அனுப்பும் முடிவிலும் பங்கேற்றார். கவிழ்ந்த படகை நிமிர்த்துவதை முன்னது நன்றாகக் கற்பிக்கும். இறங்காதே என்று சொல்லக் கற்பிப்பதற்குப் பின்னதே ஏற்றது என்று நினைக்கிறேன்.

2013

நிலையத்தின் முடிவு படகின் வெற்றியிலிருந்தே வந்தது. அட்லாண்டிக் வகைப் படகுகள் பெருகப்பெருக, ஒரு நிலையம் காக்கக்கூடிய கரையின் நீளமும் கூடியது. மேற்கே போர்த்காலிலும் கிழக்கே பாரியிலும் இருந்த நிலையங்களின் விரைவுப் படகுகள் இடையிலுள்ள கரையை எட்டக்கூடியவையாக இருந்தன. 2013இல் ஆர்.என்.எல்.ஐ. அட்லாண்டிக் கல்லூரி நிலையத்தை மூடியது. ரிப் வகைப் படகு பிறந்த கரையிலிருந்து ஆர்.என்.எல்.ஐ.யின் மீட்புப் படகு விலகியதற்கு, அந்தப் படகின் வேகமே ஒருவகையில் காரணமாயிற்று.

கல்லூரி அதே கோட்டையில் தொடர்ந்து நடைபெறுகிறது. ஆர்.என்.எல்.ஐ. 1993இல் கொண்டுவந்த அடுத்த தலைமுறைப் படகு ‘அட்லாண்டிக் 75’, 2005இல் வந்தது ‘அட்லாண்டிக் 85’. எண்கள் அடியிலிருந்து மீட்டருக்கு மாறிவிட்டன; முன்னது ஏழரை மீட்டரையும் பின்னது எட்டரை மீட்டரையும் குறிக்கின்றன. எண்ணுக்கு முன்னுள்ள சொல் மட்டும் மாறவில்லை; அது பெருங்கடலைக் குறிப்பதாகத்தான் பெரும்பாலோர் எண்ணுகின்றனர்.